‘இல்லை’ என்றவருக்கு நன்றி

இந்தக் கதையில் திருடன் இல்லை, கொலைகாரன் இல்லை, ராஜகுமாரி இல்லவே இல்லை. எல்லாரும் நல்லவர்கள். அதனால்தான் முடிவில் நான் கேட்கப்போகும் கேள்வி கொஞ்சம் சங்கடமானது. காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பதில் சொல்லாமல் நழுவ விடமாட்டேன்.

கோகிலவாணி நாமக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். செல்போனிலேயே பதில் சொல்லும்படியான கணக்கெடுப்புகளைத் தயாரிப்பது அவள் வேலை. அதில் கைதேர்ந்தவள். மற்றவர்கள் ஊருக்கெல்லாம் ஒரே கேள்விகளை நீட்டுவார்கள். இவள் ஆளைப் பார்த்துக் கேட்க வைப்பாள். ‘பிள்ளைகள் உண்டா?’ என்பதற்கு ஒருவர் ‘இல்லை’ என்று தொட்டுவிட்டால், பள்ளிக்கூடம் பற்றிய கேள்விகள் அவர் கண்ணிலேயே படாது. பந்தியில் சர்க்கரை நோய்க்காரரின் இலையைப் பார்த்ததும் பாயச வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுகிறவரின் கரிசனம் அது. பிள்ளையில்லாதவரிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்டு எதற்கு நோகடிக்க வேண்டும் என்பாள்.

வெள்ளக்கரடு என்ற ஊரில் கல் உடைக்கும் கிரஷர் ஒன்று இருந்தது. அங்கே பறக்கும் கல்தூசி தொழிலாளிகளின் நுரையீரலைத் தின்கிறது என்று பேச்சு கிளம்பவே, அதை விசாரிக்கும் பொறுப்பு கோகிலவாணியிடம் வந்தது. நோய் இருப்பது தெரியவந்தால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் முன்பு செய்தவர்களுக்கும் இலவச சிகிச்சை என்று ஏற்பாடு. தெரியவராவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் கிடையாது.

வழக்கம்போல் அக்கறையாகத்தான் செய்தாள். முதல் கேள்வி, ‘நீங்கள் இப்போது கிரஷரில் வேலை செய்கிறீர்களா?’ ‘ஆம்’ என்று தொட்டால் இருமல், சளி, மூச்சுத்திணறல் என்று கேள்விகள் வரிசையாக வரும். ‘இல்லை’ என்று தொட்டால், சம்பந்தமில்லாதவரை எதற்கு இழுத்தடிப்பது? ‘நன்றி’ சொல்லி அனுப்பிவிடும். கூடவே இன்னொரு விதியும் போட்டாள். ‘ஆம்’ என்றவரின் பெயர் கிரஷரின் ஆள்பட்டியலில் இல்லாவிட்டால் அவர் சொன்னதெல்லாம் தள்ளுபடி. சிகிச்சைக்கு ஆசைப்பட்டு வேற்றாள் நுழைந்துவிடக் கூடாதல்லவா?

அந்த ஊரில் செங்கோடன், மாரப்பன் என்று அண்ணன் தம்பி இருவர். இரண்டு பேரும் கிரஷரில் உழைத்து, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்து, முடியாமல் நின்றுவிட்டவர்கள். அண்ணனுக்கு ரொம்பவே முற்றிவிட்டது. சிகிச்சை கிடைத்தால் இன்னும் கொஞ்ச காலம் இருப்பார், கிடைக்காவிட்டால் இருக்கமாட்டார். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

செங்கோடன் முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று தொட்டார். அதுதானே உண்மை? ‘நன்றி’ என்று வந்தது. “அவ்வளவுதானா?” என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த மாரப்பன் தன் போனை எடுத்து அதே கேள்விக்கு ‘ஆம்’ என்று தொட்டார். இருமல் உண்டா என்று கேட்டது, உண்மையைச் சொன்னார். நடந்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டது. அதற்கும் உண்மையைச் சொன்னார்.

பதில்கள் வந்து சேர்ந்தன. ஒரே ஒருவரைத் தவிர யாருக்கும் மூச்சுத்திணறல் இல்லை. அந்த ஒருவரின் பெயரோ பட்டியலில் இல்லை. தள்ளுபடி செய்யுமுன் கோகிலவாணி அவரைப் போனில் கூப்பிட்டாள்.

“ஏனுங்கண்ணா, கிரஷருக்கு இப்ப வேலைக்குப் போறீங்களா?”

“இல்லீங்க அம்மிணி. நின்னு வருசமாச்சுங்க.”

“அப்புறம் ஏனுங்க ஆமான்னு போட்டீங்க?”

“நெசத்தச் சொன்ன எங்கண்ணனுக்கு நன்றின்னுதானுங்க வந்துச்சு. நோவப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க. மூச்சு முட்டறவன் எப்படீங்க அங்க வேலைல இருப்பான்?”

கோகிலவாணிக்கு அப்போதுதான் விளங்கியது. நோய் வந்தவர்களெல்லாம் வேலையை விட்டு நின்றிருந்தார்கள். நின்றவர்களையெல்லாம் அவளே நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாள்.

மேலாளர் ஞானதுரையிடம் ஓடினாள். மறுபடியும் கணக்கெடுக்க வேண்டும் என்றாள். காலக்கெடு முடிந்தது, இனி யாரும் அனுமதி தரமாட்டார்கள் என்றார் அவர்.

“மாரப்பன் சொன்னதையாவது சேத்துக்கலாமா சார்?”

“பட்டியல்ல இல்லாத ஆளைச் சேத்தோம்னு தெரிஞ்சா, கிரஷர்காரங்க மொத்தமும் பொய்யின்னுடுவாங்கம்மா. நாளைக்கு வேற ஊர்ல நாம எடுக்கறதையும் எவனும் நம்பமாட்டான். விதி நீ போட்டதுதானே?”

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அழுதுகொண்டே மாரப்பனின் பதில்களை நீக்கினாள். ‘வெள்ளக்கரட்டில் நோய் யாருக்கும் இல்லை’ என்று அறிக்கை போயிற்று. சிகிச்சை வரவில்லை. செங்கோடன் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

இப்போது சொல்லுங்கள். அண்ணன் உண்மையைச் சொன்னார், அதனால் யாருக்கும் பிரயோசனமில்லை. தம்பி பொய் சொல்லி உள்ளே போய், போனபின் உண்மை பேசினார். கோகிலவாணி பொய்யை நீக்கினாள், அதோடு கையில் இருந்த ஒரே உண்மையும் போயிற்று. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தம்பி செய்ததுதான் சரி. அந்தக் கணக்கெடுப்பு நடந்தது யார் வேலையில் இருக்கிறார் என்று அறிய அல்ல, யாருக்கு நோய் இருக்கிறது என்று அறிய; அதற்குப் பதில் சொன்ன நோயாளி அவர் ஒருவர்தான். அண்ணன் கேட்டதற்குச் சொன்னார், அவர்மேல் குற்றமில்லை. கோகிலவாணி பொய்யை நீக்கியதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் ‘நின்றவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுத எந்த விதியும் அவளைத் தடுக்கவில்லை. ‘கேட்கவில்லை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். சரியாகச் செய்த மாரப்பனுக்கு இன்றுவரை மருந்து கிடைக்கவில்லை. கிரஷரில் இப்போது புதிதாக ஆள் எடுக்கிறார்கள். நோய் யாருக்கும் இல்லை என்ற அந்த அறிக்கையை வருகிறவர்கள் பார்க்கும்படி வாசலிலேயே ஒட்டியிருக்கிறார்களாம்.