பன்றியால் உடைக்க முடியாத கட்டை

சோலைக்காட்டு ஓடைக்கரையில் உளுத்துக் கிடந்த ஒரு மரத்துக்குள் கருமுத்து என்ற ராட்சத வண்டு இருந்தாள். உள்ளங்கை அகலம் இருப்பாள். போன மழையில் அவள் கணவனை ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது வயிறு நிறைய முட்டை.

ஓடை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு பெருமழை வந்தால் அந்த மரமும் போய்விடும். வேறு கட்டைக்குப் போகலாம்தான். ஆனால் தன் இனம் ஏற்கெனவே குடியிருக்கும் கட்டையில்தான் முட்டையிடுவது அந்த வண்டுகளின் வழக்கம். கண்ட கட்டையில் இட்டால் புழுக்கள் பிழைக்காது.

காட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று இருவாச்சிப் பறவை பீற்றிக்கொள்ளும். கருமுத்து அதனிடம் போய் விசாரித்தாள். அதுவும் மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தது.

"ஏழு மலையும் பாத்தாச்சும்மா. உங்க ஆளுங்க எங்கயும் இல்ல. நீதான் கடைசி."

இருவாச்சிக்கு வருத்தம்தான். ஆனாலும் காடு முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் வருத்தப்பட்டது. குரங்குகள் குடும்பத்தோடு வந்து கருமுத்துவைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போயின.

கருமுத்து அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள். இருவாச்சி மூன்று நாளும் பறந்தபடியேதான் பார்த்திருக்கிறது. அவளோ புழுவாக இருந்த நாலு வருஷமும் கட்டையை விட்டு வெளியே தலை நீட்டியதில்லை. வானத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்?

கட்டையைப் பிளந்து பார்க்கிறவன் காட்டில் ஒருவன்தான். அது காட்டுப்பன்றி. அவள் கூடப்பிறந்தவர்களில் பாதிப் பேரைத் தின்றதும் அதே பன்றிதான். ஆனாலும் வேறு வழியில்லை. பன்றி தண்ணீர் குடிக்க வந்தபோது உயரமான கிளையில் ஏறி நின்றுகொண்டு, பன்றியின் பலத்தை ஊரே பேசுகிறது என்று ஆரம்பித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மாமா, உங்களால உடைக்க முடியாத கட்டைன்னு ஏதாச்சும் இருக்கா?"

பன்றிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணுதான். மூணாவது மலைச்சரிவுல ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டிக் கிடக்கு. உள்ள உங்க புழுவெல்லாம் கறுக்குமுறுக்குன்னு மெல்லுற சத்தம் கேக்குது. என் மூக்கு நுழையல. ரெண்டு வருஷமா எச்சில் ஊறுனதுதான் மிச்சம்!"

கருமுத்து அந்த நிமிஷமே கிளம்பினாள். வயிற்றுப் பாரத்தால் வழியில் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. பாறை இடுக்கில் நுழைந்து கட்டைமேல் கால் வைத்தாள். உள்ளிருந்து அதிர்ந்தது. ஒரு பொந்திலிருந்து அவளைப் போலவே ஒருத்தி உணர்கொம்பை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"யாரது? மழை வருது, உள்ள வாம்மா."

கருமுத்து உள்ளே போனாள். முட்டைகளை எல்லாம் இட்டு முடித்துவிட்டு, பல நாள் கழித்து அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மேலே பறந்து பார்த்தவர் இல்லை என்று சொன்னாலும், கீழே கிளறிப் பார்த்தவரையும் கேட்காமல் நம்பிக்கையை விட்டுவிடக் கூடாது.