கம்பளிக்குள் குடிவந்த மின்னல்குட்டி

அந்தக் காலத்தில், ஆடும் மாடும் வாய் திறந்து பேசிய நாளில், கம்பளி மட்டும் பேசாமல் கிடந்தது. உதறினால் தூசி விழும். வேறு சத்தம் வராது. பனிக்காலத்தில் அதைப் போர்த்திக்கொண்டவர்கள் எதை வேண்டுமானாலும் தொட்டார்கள், யாரை வேண்டுமானாலும் தொட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

கல்லேரி மேட்டில் செம்மறியாடு மேய்ப்பவர்கள் குடியிருந்தார்கள். அவர்களில் சிக்கம்மா என்பவளுக்கு ஐப்பசியில் தலைப்பிள்ளை பிறந்தது. பெண். பொம்மி என்று பெயர் வைத்தார்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததும் புருஷன் மாதப்பன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழ்நாட்டு வயல்களில் எருவுக்காகக் கிடை போடப் போனான். தை பிறந்தபின்தான் திரும்புவான். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அவனுடைய அக்கா லக்கம்மா வந்து இருந்தாள்.

அந்த மேட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் பிள்ளை பெற்றவள் தை பிறக்கும்வரை தரையில் கால் வைக்கக் கூடாது. மண்ணின் குளிர்ச்சி உள்ளங்கால் வழியாக ஏறிப் பாலை வற்ற வைத்துவிடும் என்று நம்பினார்கள். அதனால் சிக்கம்மாவுக்குப் பலகைக் கட்டில் போட்டு, அடியில் ஒரு கம்பளி, மேலே ஒரு கம்பளி கொடுத்திருந்தார்கள். கொல்லைப்புறம் போக வேண்டுமென்றால் லக்கம்மா வழி நெடுகக் கம்பளி விரிப்பாள். போதாததற்குக் காலிலும் கம்பளித் துண்டு சுற்றிவிடுவாள். நல்ல மனுஷிதான். பூண்டு வதக்கி, மிளகு அரைத்து, வேளை தவறாமல் சோறு போடுவாள். சோறு போடும்போதே ஏசவும் செய்வாள்.

மார்கழி வந்தது. காற்று காய்ந்து, உதடு வெடித்தது. வீட்டுப் பாலுக்கென்று விட்டுப்போன கருப்பி என்ற ஆட்டிடம் மாதப்பன் போகுமுன் கத்தரித்து வைத்த மயிரில் லக்கம்மா ஒரு புதுக் கம்பளி நெய்வித்து, சிக்கம்மாவுக்கு அடியில் விரித்தாள்.

மறுநாள் காலையில் சிக்கம்மா கட்டிலில் நகர்ந்து வந்து பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள். விரல் கன்னத்தில் படுமுன்னே சுரீர் என்று ஏதோ தைத்தது. பொம்மி வீரிட்டு அழுதாள். நகம் பட்டிருக்கும் என்று சிக்கம்மா நகத்தைக் கடித்துத் துப்பினாள். மத்தியானம் காது மடலைத் தொட்டாள், மறுபடியும் சுரீர். பிள்ளையின் கையில் கிடந்த வெள்ளிக் காப்பைத் தொட்டாள், அதிலும் சுரீர். இப்படியே சில நாள் போனதும், அம்மாவின் கை வருவதைப் பார்த்தாலே பிள்ளை உதட்டைப் பிதுக்கத் தொடங்கியது.

லக்கம்மா தூக்கினால் ஒன்றும் ஆகாது. அவள் வெறுங்காலோடு சாணம் மெழுகிய தரையில் திம்மென்று நடந்து வந்து அள்ளிக்கொள்வாள். பிள்ளை அவளைப் பார்த்துச் சிரிக்கும். சிக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மார்புச் சேலையை இறுக்கிக் கட்டுவாள். பால் கட்டி வலித்தது.

லக்கம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் மூவரும் தும்மினார்கள். சுரீர் நிற்கவில்லை. கடைசியில் ஒரு முடிவு சொன்னாள். தை பிறந்ததும் நான் ஊருக்குப் போக வேண்டும், பிள்ளையையும் கொண்டுபோகிறேன், ஆட்டுப்பால் புகட்டி வளர்க்கிறேன், உன் கை நல்ல கையானபின் திருப்பித் தருகிறேன் என்றாள்.

"எப்போ நல்ல கையாகும் அண்ணி?" என்று கேட்டாள் சிக்கம்மா.

"அதை உன் கைகிட்டதான் கேக்கணும்."

போன பிள்ளை திரும்பி வரும்போது தன்னை அடையாளம் கண்டுகொள்ளுமா என்று சிக்கம்மா நினைத்தாள். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

பிள்ளைக்கு ஆட்டுப்பால் புகட்டிப் பழக்குவதற்காக லக்கம்மா கருப்பியை வாசல் தூணில் கட்டியிருந்தாள். அன்று பொழுது சாயும் நேரம் லக்கம்மா தண்ணீருக்குப் போனபோது, கருப்பி அசைபோட்டபடி உள்ளே எட்டிப் பார்த்தது.

"அந்தக் குட்டி இன்னும் உன்கிட்டதான் இருக்குதா?" என்றது.

எந்தக் குட்டி என்று சிக்கம்மா கேட்டாள். கருப்பி நிதானமாகச் சொன்னது. கார்த்திகையின் கடைசி மழையில் ஒரு சின்ன மின்னல், மண்ணில் இறங்கத் தெரியாமல் புளியமரத்தடியில் திகைத்து நின்றதாம். மேகமெல்லாம் கலைந்துவிட்டது. நடுங்கிக்கொண்டிருந்த அதைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், தன் மயிருக்குள் புகுந்துகொள்ளச் சொன்னதாம்.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலே?"

"யாரும் கேக்கலையே. மயிரைக் கேட்டீங்க, குடுத்தேன்."

சிக்கம்மா அடியில் கிடந்த புதுக் கம்பளியின் ஓரத்தைத் தூக்கினாள். மடிப்புக்குள் எள்ளளவு நீலம் மினுக்கியது.

"ஏன் என் பிள்ளையைக் கடிக்கிறே?" என்று கேட்டாள்.

"கடிக்கலேம்மா, வழி தேடுறேன்," என்றது மின்னல்குட்டி. மண்தான் மின்னலுக்குத் தாய்வீடு என்றும், ஒருமுறை அதில் இறங்கினால்தான் மறுபடி மேகம் ஏற முடியும் என்றும் சொன்னது. ஆட்டின் மேல் இருந்தபோது இறங்கப் பயந்தது. இப்போது பயம் போய்விட்டது, வழிதான் இல்லை. சிக்கம்மாவின் விரல் நுனிவரை வந்து பார்க்கிறது. அங்கிருந்து பிள்ளையின் மேல் தாவிப் பார்க்கிறது. பிள்ளையும் பலகைமேல்தான் கிடக்கிறது. "இந்த வீட்டுல மண்ணை மிதிக்காத ஆள் நீங்க ரெண்டு பேரும்தான். நான் உங்ககிட்டயே மாட்டிக்கிட்டேன்."

சிக்கம்மா தரையைப் பார்த்தாள். அன்று காலைதான் மெழுகியது. ஓரங்களில் ஈரம் இன்னும் காயவில்லை. காலைத் தொங்கவிட்டாள், மடக்கிக்கொண்டாள். பால் வற்றிவிட்டால் பிள்ளை கண்டிப்பாக லக்கம்மாவோடு போய்விடும். கால் வைக்காவிட்டாலும் போய்விடும்.

குடத்தோடு லக்கம்மா உள்ளே வந்தபோது, சிக்கம்மா காலில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே? வேண்டாம், சொன்னாக் கேளு. பால் வத்திப்போகும்."

சிக்கம்மா இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். அதுவும் போதாதென்று குனிந்து உள்ளங்கையையும் மண்ணில் அழுத்தினாள். தலைமயிர் சிலிர்த்து அடங்கியது. தோளிலிருந்து பாதம்வரை ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது. தரைக்குள் எங்கோ மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்படியே நின்று பிள்ளையிடம் விரலை நீட்டினாள். பொம்மி உதட்டைப் பிதுக்கினாள். விரல் கன்னத்தில் பட்டது. ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தது. பிறகு அந்த விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

சிக்கம்மா அதை அள்ளி எடுத்துத் தரையிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிள்ளை குடித்த வேகத்தில் புரையேறியது. மறுநாளும் பால் வற்றவில்லை, அதற்கடுத்த நாளும் வற்றவில்லை. லக்கம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிள்ளைக்கு ஆட்டுப்பால் புகட்டவென்று எடுத்து வைத்திருந்த பாலாடையைத் திரும்பப் பரணில் வைத்தாள். அன்றைக்குக் குழம்பில் பூண்டு கூடுதலாக இருந்தது.

ஊருக்குப் புறப்படுமுன் ஒரு சாயங்காலம், குளிருக்கு இதமாக லக்கம்மா அதே கட்டிலில் கம்பளியை இழுத்துப் போர்த்திக் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்போது தரையில் உட்கார்ந்திருந்த சிக்கம்மாவின் காலடி மண்ணிலிருந்து மின்னல்குட்டியின் குரல் வந்தது. மழையில்லாத மாதங்களில் தன் தம்பி தங்கைகளுக்கும் ஒதுங்க இடமில்லை, கம்பளியில் இருந்துவிட்டுப் போகலாமா என்று கேட்டது.

பிள்ளை மடியில் உறங்கிக்கொண்டிருந்தது. இடமில்லை என்று சொல்லச் சிக்கம்மாவுக்கு மனம் வரவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும். ஆனா மண்ணைத் தொட்டுட்டு வர்றவங்களை ஒண்ணும் பண்ணக் கூடாது."

"தொடாதவங்களை?"

சிக்கம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஒரு தட்டு தட்டி ஞாபகப்படுத்து. பெருசா வேண்டாம்."

லக்கம்மா கம்பளியோடு நகர்ந்து, உட்கார்ந்தபடியே பக்கத்தில் தொங்கிய தொட்டிலின் இரும்புச் சங்கிலியை எட்டிப் பிடித்தாள். சுரீர் என்றது. கையை உதறி, விரலை ஊதி, சங்கிலியை முறைத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே காலைக் கீழே வைத்தாள்.

அன்று முதல்தான் காற்று காய்ந்த பனி நாட்களில் கம்பளியை உதறினால் படபடவென்று பொறி பறக்கிறது. தரையில் கால் படாமல் இருந்துவிட்டு இரும்பைத் தொடுகிறவர் விரலில் சுரீர் என்று ஒரு தட்டு விழுகிறது. கல்லேரி மேட்டுத் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்குமுன் உள்ளங்கையை ஒருமுறை மண்ணில் வைத்து எடுக்கிறார்கள்.