தலைக்குள் இருந்த தம்பி

பதில் சொல்லத் துணிவுள்ளவர்கள் மட்டும் படியுங்கள். உச்சுக்கொட்டுகிறவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

கடற்கரை ஊர். பெனிட்டாவுக்கு ஒன்பது வயது. அம்மா குவைத்தில் வீட்டுவேலை. அப்பா மிக்கேல் கடலுக்குப் போனால் திரும்ப நாளாகும்.

படகிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு அவளுடைய இடது கண் சிவந்தது, பிதுங்கியது. மெட்ராஸ் ஐ என்றார்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம்.

"ஏட்டி, அவளப் பாக்காத!"

வகுப்பே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசி பெஞ்சு அவளுக்கு மட்டும். மாதக்கணக்கில் எந்த மெட்ராஸ் ஐ இருக்கும்? ஒருவருக்கும் தோன்றவில்லை.

துணைக்கு இருந்தது தலைக்குள் ஒரு சத்தம். உஷ்... உஷ்... நெஞ்சு துடிக்கிற தாளத்தில். அதற்குத் தம்பி என்று பெயர் வைத்து, அதனோடு பேசினாள்.

கடலிலிருந்து திரும்பிய மிக்கேல் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் வசுமதி, அவளுடைய மூடிய இமைமேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கண்ணுக்குப் பின்னால், சேரக்கூடாத ரத்தக்குழாய்கள் சேர்ந்துவிட்டன. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த இணைப்பை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்வை போய்விடும்.

"அடைச்சா தம்பி போயிருவானா?"

"போவ மாட்டான் மக்ளே," என்றான் மிக்கேல்.

"போயிடுவான்மா," என்றார் டாக்டர். "சத்தம் நின்னாத்தான் சரியா அடைபட்டுச்சுன்னு அர்த்தம். எப்பவாவது திரும்பக் கேட்டா உடனே சொல்லணும்."

"அப்ப வேண்டாம்." கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மிக்கேல் கொதித்தான். "ஒரு பொய்யில முடிஞ்சிருக்கும். கெடுத்துட்டீங்களே!"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவன் காதில் மாட்டி, மறுமுனையைப் பெனிட்டாவின் இமைமேல் வைத்தார். கேட்டான். முகம் மாறியது.

"கேக்குதாப்பா?"

"கேக்குது மக்ளே."

தம்பி இருந்தான் என்று இனி அப்பாவுக்கும் தெரியும். கம்பியை விட்டாள்.

அடைத்தார்கள். கண் தப்பியது. சிவப்பு இறங்கியது. பள்ளிக்கூடம் போனாள். முன் பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. கடைசி பெஞ்சுக்கே போனாள். இப்போது தலைக்குள்ளும் ஆள் இல்லை.

அப்பன் பொய் சொன்னான். டாக்டர் உண்மையைச் சொன்னார். இருவரில் யார் செய்தது சரி?

பதில்: டாக்டர். அடைத்தது திறந்துகொண்டால் முதலில் தெரிவது பெனிட்டாவுக்குத்தான். பொய் சொல்லி அடைத்திருந்தால், விழித்ததுமே ஏமாந்தது புரிந்திருக்கும். அப்புறம் சத்தம் திரும்பினால் இவர்களிடம் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? ஒளித்துவைத்திருப்பாள். கண் போயிருக்கும். உண்மை சொன்னதால், சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் சொல்வாளா? அது டாக்டர் கையில் இல்லை. பேச ஆளில்லாதவளுக்குத் தம்பி திரும்பினால் ஒளிக்கத்தான் தோன்றும். கடைசி பெஞ்சில் இன்னொருத்தி உட்கார இடம் இருக்கிறது.