தூக்கிக் கட்டிய தலை

பல்கீஸுக்கு முப்பத்தெட்டு வயது. மலைமேல் இருந்த குதிரை லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சிவனாண்டிக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருடம் லாரி ஓட்டியவர். அவர் அவளை ‘உஸ்தாத்’ என்பார். அவள் அவரை ‘அண்ணே’ என்பாள். லாயத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. இரண்டு பேரும் கண்டுகொண்டதில்லை.

லாயத்துக்குப் புதிதாக வாங்கிய பெண்குதிரையைப் புனேயிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது சிவனாண்டிதான். முப்பது மணி நேரம். வளைவில் விழுந்துவிடக் கூடாதே என்று அதன் தலையை உயரத் தூக்கிக் கட்டியிருந்தார். வழியில் நான்கு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் காட்டினார். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

இறங்கியதும் குதிரை இருமியது. தண்ணீரைத் தொடவில்லை. உடம்பு சுட்டது.

டாக்டர் ஊசி போட்டார். “நெஞ்சுல சளி இறங்கிட்டா காப்பாத்துறது கஷ்டம். சாயங்காலம் காய்ச்சல் ஏறினா உடனே கூப்பிடுங்க.”

காலை முழுக்கச் சிவனாண்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெல்லம் நீட்டினார். வாளியை வாயருகே தூக்கிப் பிடித்தார். அது தலையைத் தொங்கப்போட்டதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மறுபடி கம்பியில் உயரக் கட்டி, புல்லையும் எட்டும்படி மேலே தொங்கவிட்டார்.

பல்கீஸ் வந்து பார்த்தாள். கயிற்றை அவள் தொடவில்லை.

“என்ன அண்ணே இது?”

“சோர்ந்து போகுது உஸ்தாத். தலை நிமிர்ந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்.”

“அப்படியா? நீங்களும் நிமிருங்க. கூரையைப் பாருங்க. நான் லத்தி அள்ளி முடிக்கிற வரைக்கும் குனியக் கூடாது.”

“விளையாடுறீங்களா?”

“நான் எப்ப உங்ககூட விளையாடியிருக்கேன்?”

அவர் அண்ணாந்து நின்றார். அவள் நிதானமாகக் கூட்டினாள். கழுத்து வலித்தது. வைக்கோல் தூசி மூக்கில் ஏறித் தொண்டைக்குள் இறங்கியது. இருமினார். அண்ணாந்தபடி எவ்வளவு இருமியும் எதுவும் வெளியே வரவில்லை.

“உஸ்தாத், துப்பணும்.”

“இன்னும் ஒரு மூலை பாக்கி.”

“மூச்சு முட்டுது தாயி!”

“சரி, குனிங்க. எவ்வளவு நேரம் ஆச்சு?”

சிவனாண்டி துப்பிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நிமிஷம்.”

சொன்னவர் அப்படியே குதிரைப் பக்கம் திரும்பினார். போய்க் கட்டை அவிழ்த்தார். புல்லை இறக்கித் தரையில் போட்டார்.

குதிரையின் தலை தரைவரை தாழ்ந்தது. அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல். மூக்கிலிருந்து சளி கொழகொழவென்று ஒழுகியது. சிவனாண்டி மண்டியிட்டுத் தன் துண்டால் துடைத்தார். ஒழுக ஒழுகத் துடைத்தார்.

சாயங்காலம் காய்ச்சல் ஏறவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குதிரை தானாக வாளியில் வாய் வைத்து உறிஞ்சியது. பாதி வாளி காலியானது. முப்பது மணி நேரம் நின்றே வந்த அந்த நான்கு கால்களையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உஸ்தாத்.”

“சொல்லுங்க.”

“வண்டியிலயும் கட்டினேன். இங்க வந்தும் கட்டினேன். காலையிலேர்ந்து அது கால் பக்கத்துலயேதான் நிக்கிறேன். ஒரு உதை விட்டிருக்கலாம். ஏன் விடல?”

பல்கீஸ் குதிரையின் கழுத்தைத் தடவினாள்.

“இந்த ஊர்ல அதுக்கு உங்களை விட்டா யாரைத் தெரியும் அண்ணே? கட்டின கைதான் அவிழ்க்கவும் வரும்னு பாத்துக்கிட்டு நின்னிருக்கும்.”