முப்பத்து மூன்று வயதுக்கு ஒரு ப்ராஜெக்ட்

"என் பொண்ணு பொய் சொல்றா, சிஸ்டர்."

சிஸ்டர் பெனடிக்டா லேப் தொட்டியில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"என்ன பொய்?"

"காய்ச்சல் இல்லைன்னு."

ஜெசிந்தா அந்தக் கான்வென்ட்டில் பத்து வருடமாக இயற்பியல் எடுக்கிறாள். சிஸ்டர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வயதிலும் நாலைந்து இளையவர். ஆனாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்போது டீச்சர்கள் எல்லோருக்கும் கால் தானாக லேப் பக்கம்தான் போகும். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார் என்று தெரிந்தும் போவார்கள்.

"மூணு நாள் காலையில, தெர்மாமீட்டரை வச்சுப் பாருடின்னேன். நான் அடுப்படியில நிக்கிறேன். அவளே பார்த்து, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலும்மான்னா. மூணு நாளும் அதே. நானும் கிளப்பி ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நாலாம் நாள் ப்ரேயர்ல மயங்கி விழுந்தா. ஆஸ்பத்திரியில நூத்து நாலு. டைபாய்டு."

"தொட்டுப் பார்த்தீங்களா, மிஸ்?"

"தெர்மாமீட்டர் இருக்கறப்போ எதுக்குத் தொடணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

சிஸ்டர் பீக்கரைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப?"

"வீட்டுக்கு வந்துட்டா. ஆனா காய்ச்சல் திரும்பவும் வரலாம், கவனமா இருங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். எனக்கு அதான் பயம். வயிறு வலிக்குதாடின்னா என் மூஞ்சியைப் பார்க்கிறா. பார்த்துட்டு, இல்லங்கிறா. எதை நம்பறது?"

"ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'அதானம்மா சரியான விடை'ங்கிறா. ஒன்பது வயசு, சிஸ்டர்!"

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். சயின்ஸ் ஃபேரில் பரிசு வாங்கிய நோட்டுகள் அங்கேதான் இருக்கும்.

"போன வருஷம் மூணாவதுலருந்து அஞ்சாவது வரைக்கும் உங்க பொண்ணு டெல்பின்தானே ஃபர்ஸ்ட்?"

"ஆமா. கறுப்பு டின், வெள்ளை டின். வெயில்ல எது சீக்கிரம் சூடாகும்னு."

இத்தனை கலக்கத்திலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

சிஸ்டர் நோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

பேனா எழுத்துக்கு அடியில், ரப்பர் தேய்த்த பென்சில் எழுத்து தெரிந்தது.

"கறுப்பு டின், நாற்பத்திரண்டு டிகிரி. அதுக்கு அடியில என்ன இருக்கு?"

ஜெசிந்தா பார்க்கவே இல்லை. "முப்பத்தாறு."

"வெள்ளைக்கு?"

"முப்பத்தொன்பது."

"யார் அழிச்சது?"

"அவதான்."

"யார் அழிக்கச் சொன்னது?"

மைதானத்தில் பி.டி. மிஸ்ஸின் விசில் கேட்டது.

"அவ தப்பா எடுத்திருந்தா, சிஸ்டர். கறுப்புதான் அதிகமா சூடாகும். புத்தகத்துல இருக்கு."

"புத்தகமா உங்க மொட்டை மாடியில போய் வெயில்ல நின்னுச்சு?"

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வெள்ளை ஏன் கூடுதலா காட்டுச்சு?"

"கறுப்பு மேல எதாவது நிழல் விழுந்திருக்கலாம். இல்ல, அதுல தண்ணி கூட ஊத்தியிருப்பா. தெரியல."

"அவகிட்டக் கேட்டிருக்கலாமே."

"மறுநாள் ஃபேர், சிஸ்டர்." அவள் குரல் இறங்கிவிட்டது. "அவளும் ஏதோ சொல்லத்தான் வந்தா. அப்புறம் சொல்லுடி, முதல்ல அழிடின்னேன்."

"அப்புறம் சொன்னாளா?"

"பரிசு கிடைச்சிடுச்சு."

சிஸ்டர் நோட்டை மூடினார். திரும்ப அலமாரியில் வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"இந்த வருஷ லிஸ்ட்டைக் குடுங்க."

ஒவ்வொரு வருடமும் ஃபேருக்கு எந்த வகுப்புப் பிள்ளை எதைச் செய்யலாம் என்று பட்டியல் போடுவது ஜெசிந்தாவின் வேலை. நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே பிள்ளைகள் மொய்த்துவிடுவார்கள். ஒன்று, இரண்டு வகுப்புக்கு: எது மிதக்கும், எது மூழ்கும். மூன்றிலிருந்து ஐந்துக்கு: காந்தம், சூடு, நிழல். ஆறிலிருந்து எட்டுக்கு: பெரிஸ்கோப், ஊசித்துளை கேமரா. ஒன்பது, பத்துக்கு: ஊசல், மின்காந்தம். ப்ளஸ் டூவுக்கு: சோலார் பேனலை எந்தக் கோணத்தில் சாய்த்தால் எவ்வளவு மின்சாரம்.

வலது ஓரத்தில் கோடு போட்டு இன்னொரு கட்டம். தலைப்பு: 'வர வேண்டிய முடிவு'.

சிஸ்டர் அந்தக் கட்டத்தின் மேல் விரல் வைத்தார்.

"இது எதுக்கு?"

"பிள்ளைங்க தப்புப் பண்ணிடக் கூடாதுல்ல."

சிஸ்டர் அந்தக் கட்டத்தை ஒட்டித் தாளை மடித்தார். மடிப்பை நகத்தால் நீவி நேராகக் கிழித்தார். பத்து வருடப் பழக்கம் ஒரு இழுப்பில் ஓரமாய் வந்துவிட்டது. அதைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மிச்சத் தாளின் அடியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

'வயது முப்பத்து மூன்று.' அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

"என் வயசா?"

"எல்லா வயசுக்கும் போட்டிருக்கீங்க. உங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையே, மிஸ். நீங்களே ஒண்ணு யோசிங்க. விடை உங்களுக்குத் தெரியாததா இருக்கணும்."

"அது போதுமா, சிஸ்டர்? அவ மறுபடி நிஜம் சொல்வாளா?"

சிஸ்டர் அடுத்த பீக்கரை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் ஜெசிந்தா யோசித்தாள். ஊசல் வந்தது, விடையோடு வந்தது. லென்ஸ் வந்தது, விடையோடு வந்தது. விடையைக் கையில் பிடிக்காமல் ஒரு கேள்விகூட அவள் தலைக்குள் வரவில்லை.

கூடத்துக் கட்டிலில் டெல்பின் படுத்திருந்தாள். தலைக்கு மேல் ஃபேன் 'கிரீச் கிரீச்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய ஃபேன்.

ஜெசிந்தா அதை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

"டெல்பி, இதை அணைச்சா நிக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

குழந்தை ஃபேனைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு ஆகணும்மா?"

"தெரியாதுடி."

"சும்மா சொல்ற. உனக்குத் தெரியும்."

"சத்தியமா தெரியாது. எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"அரை நிமிஷம்?" கண்கள் அம்மாவின் புருவத்திலேயே இருந்தன. "இல்ல, இல்ல. ஒரு நிமிஷம்?"

தன் முகம் அப்போது என்ன செய்தது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது.

ஜெசிந்தா முந்தானையை இழுத்து முகத்தை முழுசாக மூடிக்கொண்டாள்.

"ஐயே! பேய் மாதிரி இருக்கம்மா."

"இருக்கட்டும். நீ சுவர்க் கடிகாரத்தைப் பாரு."

தடவிப் போய் சுவிட்சை அணைத்தாள்.

கிரீச். கிரீச். சத்தத்துக்குச் சத்தம் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

"ஒரு நிமிஷம்!" என்றாள் டெல்பின்.

ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

தப்பு என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜெசிந்தா பல்லைக் கடித்தாள். துணிக்குள் அவள் மூச்சே அவளைச் சுட்டது.

கிரீச்.

ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கிரீச்.

அப்புறம் சத்தமில்லை.

"அம்மா."

"ம்."

"நான் கடிகாரத்தைப் பாக்கவே இல்லம்மா. இன்னொரு தடவை போடு."