நாவல் மரத்தடியில் உட்கார மறுத்த கீரி

குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்த கீரி, தன் மூக்கோரத்து முடி நரைத்திருப்பதைப் பார்த்தாள்.

அந்தக் காட்டில் நரை கண்டவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. கரையில் நின்ற பெரிய நாவல் மரத்தடியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள். இளவட்டங்கள் பழமும் தேனும் வாய்க்கே கொண்டுவந்து கொடுக்கும். பெரியவர் யாராவது எழப் பார்த்தால், "ஐயோ, நீங்க எதுக்கு? நாங்க இல்லையா?" என்று பதறிப்போய் அமுக்கி உட்காரவைக்கும். அன்பென்றால் அப்படியொரு அன்பு! ஆனால் ஒரு மழைக்காலம் அங்கே உட்கார்ந்தவர் யாரும் அப்புறம் தானாக எழுந்ததில்லை.

"முட்டி பிடிச்சுக்கிச்சு, வைத்தியரே!" என்றால் கொக்கு வைத்தியர் ஒற்றைக் காலில் நின்றபடியே, "வயசு!" என்பார். மூச்சு வாங்கினாலும் வயசு. பெற்ற பிள்ளையின் பேர் மறந்தாலும் வயசு. அதோடு வைத்தியம் முடிந்தது.

"கீரியம்மா! உனக்கும் மரத்தடியில இடம் ஒதுக்கியாச்சு" என்றார் கொக்கு.

"நான் உட்கார மாட்டேன்!"

காடே திரும்பிப் பார்த்தது.

கீரி நேராகக் கரடியிடம் போனாள். போன வருடம்வரை உச்சாணிக் கொம்பில் தேன் எடுத்தவர் அவர். இப்போது ஈ விரட்டக்கூட ஆள் வேண்டும்.

"கரடியண்ணே, பாறைமலையில இருக்காரே உங்க அண்ணன், அவருக்கு இந்த மரியாதை உண்டா?"

"அங்க ஏது? இன்னமும் பாறையேறித்தான் தேன் எடுக்கிறான், பாவம்."

"உங்களுக்கு மூத்தவர்தானே?"

"ஆமா, மூத்தவன்தான்" என்றார் கரடி.

"கேட்டீங்களா, வைத்தியரே?" என்று கத்தினாள் கீரி. "வயசுதான் காரணம்னா, மூத்தவர் முட்டியில்ல முதல்ல பிடிக்கணும்?"

"ஒரு கரடியை வச்சு எதையும் சொல்லிட முடியாது! அவனுக்கு அதிர்ஷ்டம்."

கீரி கொஞ்சம் யோசித்தாள். "நியாயம்தான். ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாது. அப்போ முட்டியைப் பிடிக்கவைக்கிறது வயசா, உட்கார்றதான்னு சோதிச்சுப் பார்ப்போம். மரத்தடியில பாதிப் பேர் தினமும் குளத்தைச் சுத்தி முடிஞ்ச மட்டும் நடக்கட்டும். மீதிப் பேர் உட்காரட்டும்."

"நீ திடமானவங்களாப் பொறுக்கி நடக்கவிடுவே!"

"நான் பொறுக்கலை. ஆளுக்கொரு கல்லைக் கண்ணை மூடிட்டு எடுக்கட்டும். கறுப்பு வந்தா நடை, வெள்ளை வந்தா உட்காரணும். நான் சொன்னது தப்புன்னா, வாயை மூடிக்கிட்டு நானே போய் மரத்தடியில உட்கார்ந்துக்கிறேன்!"

கரடிக்குக் கறுப்பு வந்தது. பெற்ற பிள்ளையின் பேரையே மறந்துபோன கிழட்டு மரநாய்க்கும் கறுப்பே வந்தது. முதல் நாள் கரடி நாலு எட்டு வைத்துவிட்டு, "கொலைகாரி!" என்று அலறினார். "பெரியவங்களை இப்படி வதைக்கிறியே!" என்று இளவட்டங்கள் அழுதன. கீரிக்கும் உள்ளூர உதறல்தான். தப்பாகப் போனால் தன் கால்களும் போய்விடுமே! ஆனாலும் அவரோடு கூடவே நடந்தாள்.

மழை வந்தது, போனது. காடு மரத்தடியில் கூடியது. வெள்ளைக் கல் எடுத்தவர்கள் பழையபடியே கிடந்தார்கள். கறுப்புக் கல் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். கரடி ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கியே காட்டினார்! இளவட்டங்கள் ஆர்ப்பரித்தன.

"இருங்க, இன்னும் முடியலை" என்றாள் கீரி. "மரநாயும் ஒருநாள் விடாம நடந்தார். ஆனா அவரோட மறதி கொஞ்சமும் குறையலை."

கொக்கு இறக்கையை அடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா! நான்தான் சொன்னேனே, வயசுன்னு!"

கீரியின் முடி சிலிர்த்தது. "தெரியலைன்னு சொல்லுங்க, வைத்தியரே! நானும் தெரியலைன்னுதான் சொல்றேன். தெரியலைன்னு சொன்னா நாளைக்கு யாராவது தேடுவாங்க. வயசுன்னு சொன்னா இன்னைக்கே எல்லாரும் கையை விரிச்சுருவாங்க!"

கொக்கு முதல்முறையாக இரண்டாவது காலையும் தரையில் ஊன்றினார்.

மரநாய் மெல்லக் கேட்டார்: "நீ யாரும்மா?"

"உங்க மறதிக்குக் காரணம் தேடப் போறவ. வாங்க, முதல்ல நீங்க என்னென்ன சாப்பிட்டீங்கன்னு பார்ப்போம்."

நரைத்த மூக்கை நிமிர்த்திக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவளை உட்காரச் சொல்ல அன்று எவருக்கும் மனம் வரவில்லை.

முதுமையை யாராலும் தடுக்க முடியாது என்றாலும், காரணம் தெரியாத நோய்க்கெல்லாம் முதுமை என்று பேர் வைத்துவிட்டுத் தேடுவதை நிறுத்துகிறவர்கள், குணமாகக்கூடியதையும் குணமாகாமல் செய்துவிடுகிறார்கள்.