ஊசிமேட்டுக் கபடிக்காரர்கள் இருட்டுப் படத்துக்கு வெளிச்சம் போட்டது

ஊசிமேடு என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கபடிக் குழுவுக்கு மூளையே கிடையாது என்று அக்கம்பக்கத்தார் சொல்வது அநியாயம். மூளை இருந்தது. தேய்ந்துவிடுமே என்று யாரும் எடுத்துப் புழங்கவில்லை, அவ்வளவுதான்.

குழுத் தலைவர் தவசிலிங்கம் ஆள் கெட்டி. ஆனால் பாவம், அதுவரை ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசாக வாங்கியதில்லை. கொம்பேரிப்பட்டியோடு நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசி ரெய்டில் ஒருவனைத் தொட்டு, பிடியை உதறிப் பாய்ந்து, நடுக்கோட்டில் கை வைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நடுவரோ, "கோட்டைத் தொடல" என்றுவிட்டார்.

தகராறு முற்றியது. கமிட்டித் தலைவர் பூலோகப்பாண்டி அண்ணாச்சி எழுந்தார். "போட்டோ எடுத்தீங்கள்ல? நாளைக்குச் சாயங்காலம் கொண்டாங்க. கோட்டுல கை இருந்தா கெடா உங்களுக்கு." பரிசுக் கிடா மேடையோரம் கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததில் தவசிலிங்கத்துக்குச் சோறு தண்ணி மறந்துபோனது.

படம் எடுத்தவன் பிச்சைக்கனி. "ஓடுற ஆளு கலங்காம விழணும்னா ஷட்டர் வேகத்தைக் கூட்டு" என்று கேமராவை இரவல் தந்த ஸ்டுடியோக்காரர் ஆசீர் சொல்லியிருந்தார். மங்கிய அந்தியில் அவன் வேகத்தை அது போகிற மட்டும் கூட்டிவிட்டான். வெளிச்சம் உள்ளே நுழைய நேரமில்லாமல் படம் அடுப்புக்கரியாக விழுந்தது. "ஆளு கலங்கல பாத்தீங்களா" என்று அதற்கும் பெருமைப்பட்டான்.

மறுநாள் ஆசீர் வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார். ஸ்டுடியோச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, போனிலேயே வழியும் சொன்னார். "கம்ப்யூட்டர்ல படத்தைத் திற. ஓரத்துல வெளிச்சம்னு ஒரு கோடு, அதுல ஒரு குமிழ் இருக்கும். மவுஸால பிடிச்சு வலப்பக்கம் இழு. முகம் தெரிஞ்சதும் நிறுத்திரு."

தவசிலிங்கமும் பிச்சைக்கனியும், கூட ஆடும் ஐகோர்ட்டும் திரைமுன்னே தலை முட்ட உட்கார்ந்தார்கள். ஐகோர்ட் என்பது அவன் பெயர். அந்தப் பெயரை வைத்ததிலிருந்து சட்டம் பேசுவான். பிச்சைக்கனி படத்தைத் திறந்து குமிழைப் பிடித்தான். கன்னங்கரேல் என்ற திரையில் மூன்று முகம் தெரிந்தது.

"முகம் தெரிஞ்சிட்டு, நிறுத்து," என்றார் தவசிலிங்கம்.

"இன்னும் இழுக்கவே இல்லையேண்ணே."

"நடுவுல இருக்கது நான். இந்தப் பக்கம் ஐகோர்ட். அந்தப் பக்கம் நீ. ஏலே, நீ போட்டோல்லா எடுத்துக்கிட்டு இருந்த. களத்துக்குள்ள எப்பம் வந்த?"

பிச்சைக்கனி வெலவெலத்துப்போனான். "ஆட்ட வேகத்துல உள்ள வந்துட்டேன் போலண்ணே."

ஐகோர்ட் தாடையைத் தடவினான். "ஏழு பேருக்கு மேல ஒருத்தன் நின்னா ஃபவுல். கமிட்டி பாத்தா கெடா போச்சு."

பயத்தில் பிச்சைக்கனி மேசைக்கு அடியில் பதுங்கினான். படத்திலிருந்தும் போய்விட்டான். அந்தக் கடைசி ரெய்டு நேரம் தானும் அவுட்டாகி வெளியே நின்றது ஐகோர்ட்டுக்கு நினைவு வந்தது. அவனும் குனிந்து உள்ளே போனான்.

"அண்ணே, நீங்களும் வாங்க," என்றான் கீழிருந்து.

"நான் எதுக்குல? நாந்தான ரெய்டு போனேன்."

"படத்துல உங்க கை கோட்டுலயா இருக்கு? தாடையில இருக்கு. பாடிப் போற ஆளு மாதிரியா முழிக்கீங்க?"

தவசிலிங்கம் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. அவரும் அடியில் புகுந்தார். பிச்சைக்கனி பிடித்த பிடி விடாமல் மவுஸையும் தரைக்கு இறக்கியிருந்தான்.

"இழு. முகம் தெரியுதா?"

"எட்டிப் பாத்தா படத்துல விழுந்துருவோமேண்ணே."

"அப்பம் இழுத்துக்கிட்டே இரு."

மவுஸ் வலப்பக்கச் சுவரில் முட்டும்வரை இழுத்தார்கள். பிறகு கையை மட்டும் மேலே நீட்டி, பிரிண்டரைத் தடவிப் பிடித்து அச்செடுத்தார்கள். வந்த காகிதம் சலவை வேட்டியாய் வெளுத்திருந்தது. தங்கள் முகம் அதில் இல்லை என்று கண்டதும் மூவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பூலோகப்பாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார். "நல்ல வெளிச்சம்," என்றார். "ஆனா கொம்பேரிப்பட்டி ஆளுக ஒருத்தரையும் காணமே."

கொம்பேரிப்பட்டித் தலைவர் மாசானமுத்து கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. "ஆமா அண்ணாச்சி, நாங்க இல்லியே."

"ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு எங்கயோ போயிருக்கீரு."

"எனக்கு நெனப்பில்ல. ஆனா இவுகளையும்தான காணல?"

கிடா கையெட்டும் தூரத்தில் நின்றது. ஆனாலும் தவசிலிங்கத்துக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "நாங்க மேசைக்கு அடியில இருந்தோம் அண்ணாச்சி. இவுக யாரும் அங்க இல்ல."

"அப்பம் உங்க இடம் தெரிஞ்சுபோச்சு, இவுக இடம்தான் தெரியல," என்று தீர்ப்புச் சொல்லி, பூலோகப்பாண்டி கிடாவின் கயிற்றை அவரிடம் கொடுத்தார். நடுவரும் தலையாட்டினார்.

மாசானமுத்துவுக்குத் தோற்றதில் வருத்தமில்லை, தங்களுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் கலக்கம். அணியைத் திரட்டிக்கொண்டு, தங்களைத் தேட ஆற்றுப் பக்கம் கிளம்பினார். தவசிலிங்கம் சந்தோஷம் தாங்காமல் கிடாவோடு பின்னாலேயே ஓடி அவரை நிறுத்தினார்.

"நாளைக்குக் கெடா வெட்டு. அதுக்குள்ள நீங்க ஆம்புட்டுட்டா, அவுகளையும் கூட்டிட்டு வந்துருங்க."

"ஆம்புடலன்னா?"

"அதுக்கென்ன, நீங்க மட்டுமாவது வாங்க."